நண்பகல் கட்டணம்

ரத்தினபாய்க்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கையெழுத்து பெரிதாகும். தாம்பரம் மின் வழங்கல் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பேரேடுகளை இன்று யாராவது புரட்டினால், அவள் எதற்காகக் கொதித்தாள் என்று தெரியாவிட்டாலும் எந்த நாளில் கொதித்தாள் என்று கண்டுபிடித்துவிடலாம். மற்ற நாட்களில் எறும்பு ஊர்வது போல இருக்கும் எண்கள் அந்தப் பக்கங்களில் கோட்டைத் தாண்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட பக்கங்கள் நிறையவே உண்டு.

அவளுடைய அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பள்ளிக்கூட வேலைக்காக வந்து அஸ்தினாபுரத்தில் தங்கிவிட்டவர். மகளைக் கணிதம் படிக்க வைத்தார். முடித்ததும் டீச்சராகப் போகச் சொன்னார். வீட்டில் ஏற்கெனவே நாலு டீச்சர்கள். சோறு தின்னும்போதுகூட யாராவது யாரையாவது திருத்திக்கொண்டிருப்பார்கள். அதிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் அவள் 1962-ல் சங்கத்தின் கட்டணப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்தும் உதவியாளராகவே இருந்தாள். இடையில் மூன்று ஆண்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். மூவரும் அவளுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு, போனஸ் மாதத்தில் மட்டும் கீழே வந்து சந்தேகம் கேட்டார்கள்.

சங்கம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, மேற்கே படப்பையிலிருந்து கிழக்கே கால்வாய்க்கரை வரை சில்லறையாக விற்றது. விலையையும் அதுவே வைத்தது. வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை, கிணற்று மோட்டாருக்கு ஒரு விலை. அந்த விலைகளுக்கு அடியில் கிடக்கும் கணக்கைப் பார்ப்பது ரத்தினபாயின் வேலை. துணைமின் நிலையத்தில் அரைமணிக்கு ஒரு தரம் குறித்து அனுப்புகிற நாற்பத்தெட்டு எண்களையும் அவள் தினம் காலையில் பேரேட்டில் ஏற்றி, கட்டம் போட்ட தாளில் ஒரு கோடாக வரைவாள். ஊர் எப்போது விளக்கேற்றுகிறது, அரிசி ஆலை எப்போது ஓடுகிறது, வயலுக்குத் தண்ணீர் எப்போது போகிறது எல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். மாதத்தில் எந்த அரைமணியில் கோடு உச்சிக்குப் போகிறதோ, அந்த உச்சியை வைத்துத்தான் சங்கம் முழு மாதத்துக்கும் காசு கட்ட வேண்டும். உச்சி ஏறாமல் விற்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இதைச் சங்கத்தில் எல்லோரும் வாயால் சொல்வார்கள். கோட்டை எடுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மாதக் கடைசியில் அந்தத் தாள்கள் பொறியாளர் தேவானந்தத்தின் மேசைக்குப் போய், மூலையில் பச்சை மைக் கையெழுத்தோடு திரும்பி வரும். ஒரு தடவை அவள் வேண்டுமென்றே ஒரு தாளைத் தலைகீழாக ஒட்டி அனுப்பினாள். அது தலைகீழாகவே, வழக்கமான மூலையில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அன்றைக்கு அவளுடைய பேரேட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு வரிதான் பிடித்தது.

தேவானந்தம் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர், யாரையும் அதட்டாதவர். இங்கிலாந்தில் நாலு மாதம் பயிற்சி பெற்றுவிட்டு வந்தவர். அந்த நாலு மாதம் அவருக்கு இருபது வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பெட்ரோல் விலை ஏறிய மறுவருஷம், 1974 ஆடி மாதம், படப்பையில் பட்டறை வைத்திருந்த தனசிங் ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். எஞ்சினுக்குப் பதில் ஒரு மோட்டார், இருக்கைக்கு அடியில் ஆறு லாரி பேட்டரிகள். முழுதாக ஏற்றினால் இருபது மைல் ஓடும். அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கேட்டு வந்தவள் முத்தாலம்மாள் ஒருத்திதான்.

முத்தாலம்மாள் கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கிற பெண்களில் மூத்தவள். விடியுமுன் கூடையோடு கால்வாயைத் தாண்டி வந்து சாலையில் நின்றால், கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார்; பஸ் நிற்காமல் போகும். வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் ஏறியதும் வேன்காரன் கேட்ட வாடகைக்கு மீனை அவனிடமே கொடுத்துவிட்டுத் திரும்பலாம். தனசிங் வண்டியை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார். தை பிறக்கும்வரை வண்டி தடங்கலில்லாமல் ஓட வேண்டும். ஓடினால் தொடர்ந்து அவர்களுக்கே. வழியில் நின்று நின்று பேர் கெட்டுப்போனால், காத்துக்கொண்டிருக்கும் பால் பண்ணைக்குப் போய்விடும்.

கால்வாய்க்கரையில் சங்கத்தின் கம்பி முடிகிற இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். முத்தாலம்மாள் பெயரில், அவளுடைய கைநாட்டின் மேல், இணைப்பு கொடுக்கப்பட்டது. எந்த விலையில் என்பதுதான் கேள்வி. அது வீடும் இல்லை, கிணறும் இல்லை. கடை விலை யூனிட்டுக்கு முப்பது பைசா. அந்த விலைக்கு வேனே மேல். வண்டிக்கு மின்சாரம் ஏற்ற ஒரு விலை என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. தேவானந்தம் கோப்பை ரத்தினபாயிடம் தள்ளி, இதற்கு ஒரு ரேட் போட்டுக்கொடுக்கச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். கோட்டை எடுத்துப் பார்த்தாள். மின்வெட்டு வருஷம் அது. ஆலைகளுக்குப் பகலில் பாதிக்கு மேல் வெட்டு. கிணற்று மோட்டார்களுக்கு இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரைதான் மின்சாரம். எனவே இரவு முழுக்கக் கோடு மலைமேல் நின்றது. முற்பகலில் இறங்கி, மாலை விளக்கேற்றும் வரை படுத்துக் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் யூனிட்டுக்குப் பத்து பைசாவுக்கு விற்றாலும் சங்கத்துக்கு லாபம் என்று எழுதினாள். நேரம் காலை பத்து முதல் மூன்று வரை. எழுதியதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே போனாள்.

முத்தாலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் சொன்னாள்: "பத்து மணிக்கு வண்டி தாம்பரம் மார்க்கெட்ல நிக்குது. நீ இங்க கரண்டு வெச்சுக்கினு யாருக்கு ஏத்தப் போறே, கொக்குக்கா?"

வண்டியோட்டி துலுக்காணம் திரும்பி நின்று சிரித்தான். ரத்தினபாய்க்கு முகம் சுருங்கியது. வண்டி எப்போது வீடு திரும்பும் என்று யாரிடமும் கேட்காமல் நேரம் போட்டது அவள்தான். கேட்டாள். பதினொன்றுக்கு மார்க்கெட்டைவிட்டுக் கிளம்பி, பெண்களையும் காலிக் கூடைகளையும் இறக்கிவிட்டுக் கொட்டகைக்கு வர உச்சிவேளை ஆகும். விடியற்காலை மூன்றரைக்கு மறுபடி கிளம்ப வேண்டும். அங்கேயே அடித்துவிட்டு எழுதினாள்: நண்பகல் பன்னிரண்டு முதல் ஐந்து வரை. ஐந்து மணி நேரம் பேட்டரிக்கும் போதும், கோட்டுக்கும் பொருந்தியது.

தேவானந்தம் அந்தக் குறிப்பை நின்றுகொண்டே படித்தார். விலை சரி என்றார். நேரத்தைப் பச்சை மையால் அடித்து, இரவு பத்து முதல் காலை ஐந்து வரை என்று எழுதினார். இங்கிலாந்தில் பேட்டரியில் ஓடும் பால் வண்டிகளை அப்படித்தான் ஏற்றுகிறார்கள் என்று ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"உலகம் முழுக்க ராத்திரிதான் சும்மா கிடக்கிற நேரம், மிஸ் ரத்தினபாய். நாம புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம்."

"உலகம் முழுக்க ராத்திரியிலயா சார் நாத்துக்குத் தண்ணி பாய்ச்சறாங்க?"

அவர் புன்னகை செய்தார். கோபித்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். சுத்தப் பிரதி தட்டச்சாகி வந்தபோது, கட்டணப் பிரிவில் தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்கக் காகிதத்தை வைத்திருந்தாள். மறுநாள் சங்கத் தலைவர் ஸ்ரீரங்கன் ஆள்மேல் ஆள் அனுப்பினார். கட்டணமே இல்லாமல் போய்விட்டால் அந்தப் பெண்கள் முப்பது பைசா கட்ட வேண்டி வரும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். அதற்காகத் தன்னை அவள் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

ஐப்பசி மழைக்கு நாற்று நடவு தொடங்கியது. இரவு பத்து அடித்ததும் கால்வாய்க்கரைக் கம்பியில் இருந்த மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தன. கொட்டகையில் பல்பு சிவந்து, உள்ளே கம்பி தெரிந்தது. விடியும்வரை மாட்டி வைத்தாலும் பேட்டரி பாதிதான் ஏறும். பகலில் மாட்டினால் முழுதாக ஏறும், முப்பது பைசா.

முதல் தடவை வண்டி பள்ளிக்கரணை சதுப்பின் ஓரத்தில் விடியற்காலை நாலரைக்கு நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே மழை. பெண்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆறு மைல் நடந்தார்கள். அவர்கள் தாம்பரம் சேர்ந்தபோது ஆபீசுக்குப் போகிற வீடுகளில் சமையல் முடிந்திருந்தது. பதினைந்து நாளில் இது மூன்று தடவை நடந்தது. தனசிங் வந்து பார்த்தார். இன்னும் ஒரு தரம் நின்றால் எடுத்துப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பகலிலேயே மாட்டினார்கள்; மீன் காசில் பாதி முப்பது பைசா மின்சாரத்துக்கே போயிற்று.

முத்தாலம்மாள் நேராகச் சங்கத்துக்கு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. மீன் வாடையோடு கட்டணப் பிரிவுக்குள் நடந்து வந்து ரத்தினபாயின் மேசைக்கு எதிரே நின்றாள். சுற்றி இருந்தவர்கள் மூக்கில் கைக்குட்டை வைத்தார்கள்.

"பத்து பைசாவுக்கு ஒண்ணுமில்லாத கரண்டு, முப்பது பைசாவுக்கு நெஜக் கரண்டு. இதானா நீ போட்ட ரேட்டு?"

நேரம் நான் போட்டது இல்லை என்று ரத்தினபாய் சொன்னாள்.

"கீழ ஒங் கையெழுத்து கீதாமே. துலுக்காணம் ஒருத்தர்கிட்ட படிக்கவெச்சுக் கேட்டுக்கினு வந்தான். எங்கிட்ட கேட்டு எழுதிக்கினு போனியே, அது எங்க?"

ரத்தினபாய் நிமிர்ந்து கைக்குட்டை வைத்திருந்தவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கு எதிரில் தேவானந்தத்தின் பெயரைச் சொன்னால் கோள் என்று ஆகும். முத்தாலம்மாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை, போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ரத்தினபாய் கோயிலுக்குப் போகாமல், அதற்காக உடுத்திய சேலையோடு கொட்டகைக்குப் போனாள். சங்கத்திலிருந்து கொண்டுவந்த வோல்ட் மீட்டரைச் சுவரில் மாட்டினாள். துலுக்காணம் இரவில் அங்கேதான் படுப்பான். மணிக்கு ஒரு தரம் முள் காட்டும் எண்ணை எழுத முடியுமா என்று கேட்டாள். எழுதத் தெரியாது என்றான். அப்படியானால் முள் எப்படி நிற்கிறதோ அப்படியே ஒரு கோடு வரை என்றாள். ஒரு வாரம் கழித்து வந்தபோது கொட்டகையின் தட்டிச் சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கோடுகள். பகல் கோடுகள் எல்லாம் விறைத்து நின்றன. பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, விடியற்காலையில் ஏறக்குறையப் படுத்துவிட்டன. மணி எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "வாச்சு கீது, முள்ளு பாக்கத் தெரியும்மா. எழுதத்தான் வராது" என்றான். அவள் கோணமானியை வைத்து ஒவ்வொரு கோட்டையும் அளந்து எண்ணாக மாற்றிக்கொண்டாள்.

அந்தக் கணக்கைத் தேவானந்தத்திடம் காட்டினாள். வண்டியோட்டி சுவரில் கிறுக்கியதை வைத்துக் கட்டணத்தை மாற்ற முடியாது என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஸ்ரீரங்கனிடம் போனாள். பொறியாளரைத் தாண்டி வரக்கூடாது என்றார்.

டிசம்பரில் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் உறுப்பினர் என்பதால், முத்தாலம்மாளுக்கும் அஞ்சலில் அழைப்பு வந்தது. அதைப் படிக்கச் சொல்லி, வேறு வழியில்லாமல், ரத்தினபாயின் வீட்டுக்கே அவள் வந்தாள். ரத்தினபாய் நின்றபடி படித்துக்கொண்டு போனாள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு விதி: படிக்கத் தெரியாத உறுப்பினர், தம் மனுவைப் படிக்க வேறொருவரைக் கூட்டத்துக்கு அழைத்து வரலாம். வேறொருவர் யாராக இருக்கலாம் என்று விதி சொல்லவில்லை. அவள் அந்த வரியை இரண்டாம் முறை படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேர் இருக்கும். முக்கால்வாசி கிணற்று மோட்டார் வைத்திருந்த விவசாயிகள். டீச்சர்கள், ஆபீஸ்காரர்கள் கொஞ்சம். ரத்தினபாய் காகிதத்தோடு எழுந்ததும் ஸ்ரீரங்கன் மைக்கைப் பிடித்து, ஊழியர்கள் பொதுக்குழுவில் பேசக் கூடாது என்றார். மேடையில் தேவானந்தம் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தாலம்மாள் எழுந்தாள். "அவங்க பேசல சார். நான்தான் பேசுறேன். எனக்குப் படிக்க வராதுனு என் காயிதத்த அவங்க கையில குடுத்துக்கீறேன். ஒங்க புஸ்தகத்துலயே அப்படிப் போட்டுக்கீதே."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். ஸ்ரீரங்கன் விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், மூடினார்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரத்தினபாய் வாயைத் திறந்து தன் எண்களைப் படித்தாள். அவளுடையவை என்று சொல்ல முடியாமல் படித்தாள். நான் முத்தாலம்மாள், மீன் விற்கிறவள் என்று மனு தொடங்கிற்று. எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது, எந்த மணிக்கு முள் எங்கே நிற்கிறது, வண்டி எத்தனை தரம் எங்கே நின்றது. ஒரு குற்றச்சாட்டும் அதில் இல்லை. இருந்த ஆத்திரம் எல்லாம் அவள் காகிதத்தைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. ஓரம் நைந்து போயிற்று. தேவானந்தம், கோணத்தை எண்ணாக மாற்றிய முறை எது என்று கேட்டார். படிக்க வந்தவள் பதில் சொல்லக் கூடாது. முத்தாலம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஒரு ராத்திரி வந்து குந்திப் பாருங்க சார்" என்றாள் முத்தாலம்மாள். "கொசு கடிக்கும். மத்தபடி முள்ளு நல்லா தெரியும்."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் காரியம் முடிந்துவிடவில்லை. முடித்து வைத்தவர் மேடவாக்கத்து விவசாயி ஒருவர். ராத்திரியில் வோல்ட் இறங்கி அந்த வருஷம் தனக்கு இரண்டு மோட்டார் எரிந்துவிட்டது; இதில் வண்டி வேறு சேர்ந்து இழுக்க வேண்டுமா, பகலுக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். மோட்டார்காரர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். மழையில் ஆறு மைல் நடந்த பெண்களுக்காக ஒரு கையும் உயரவில்லை. ரத்தினபாய் அதை எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஜெயித்ததற்கு அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. 

தீர்மானம் மறுநாளே நடப்புக்கு வந்தது. அதே வாரத்தில் ரத்தினபாய்க்கும் ஒரு உத்தரவு வந்தது. நிர்வாக வசதிக்காகப் படப்பை வசூல் கவுண்டருக்கு மாற்றம். பேரேட்டையும் கட்டம் போட்ட தாள்களையும் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டவன் நாற்பத்தெட்டு எண்களில் எது காலை, எது மாலை என்று கேட்டான். அவள் சொல்லாமலே வந்துவிட்டாள்.

தை பிறந்து நாலாம் நாள், பில் கட்ட வந்தவர்கள் வாசல் வரை நின்றபோது, முத்தாலம்மாள் படப்பைக்கு வந்தாள். இங்கே வரிசையில் நின்று தன் முறைக்கு வந்தாள். தனசிங் பட்டறையில் கணக்கு முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். மூன்று வாரமாகப் பத்து பைசாவுக்கே ஏற்றியும் வண்டி ஒரு தரமும் நிற்கவில்லை. பால் பண்ணைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். பிறகு முந்தானையிலிருந்து அச்சடித்த ஒரு அறிவிப்பை எடுத்தாள். கொட்டகையில் ஒட்டச் சொல்லிச் சங்கத்தில் கொடுத்திருந்தார்கள். படிக்கச் சொன்னாள்.

ரத்தினபாய் படித்தாள். "பொறியாளர் திரு. தேவானந்தம் அவர்கள் மேற்கொண்ட ஆய்வின் பரிந்துரைப்படி, பேட்டரி வண்டிகளுக்கு நண்பகல் பன்னிரண்டு முதல் மாலை ஐந்து வரை..." அங்கே நிறுத்திவிட்டாள்.

"டைம் சரியா போட்டுக்கீறானுங்களா?" என்றாள் முத்தாலம்மாள்.

"டைம் சரி. பேருதான் வேற."

"பேரு கெடக்குதும்மா. பேர மாட்டினா பேட்டரி ஏறப்போதா?"

ஒரு கணம் ரத்தினபாய்க்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. உனக்கு வண்டி கிடைத்துவிட்டது, எனக்கு இந்தக் கம்பிக் கூண்டு என்று நாக்கு நுனிவரை வந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவள் பேனாவை எடுத்தாள். பொறியாளர் என்பதிலிருந்து பரிந்துரைப்படி என்பதுவரை ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேலே, அச்சு எழுத்தைவிடப் பெரிதாக, "உறுப்பினர் முத்தாலம்மாள் கோரியபடி" என்று எழுதி, மை காயும்வரை ஊதி, கம்பிக்கு அடியில் தள்ளினாள்.

"இன்னா எழுதினே?"

ரத்தினபாய் படித்துக் காட்டினாள். முத்தாலம்மாள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் பேர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்து ஒரு தடவை தடவிவிட்டு மடித்துக்கொண்டாள்.

பின்னால் நின்றவர், எவ்வளவு நேரம்மா என்றார். ரத்தினபாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பில்லை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். அன்றைக்கு அவள் எழுதிக்கொடுத்த ரசீதுகள் ஒவ்வொன்றிலும் எண்கள் கட்டத்துக்கு வெளியே நின்றன.